ஆட இறங்காதவருக்கு ஒரு சிலை: டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் பன்னிரண்டாவது ஆள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குப் பன்னிரண்டாவது ஆள் யார் என்று விளக்கத் தேவையில்லை. ஓவர்களுக்கு நடுவே தண்ணீரும் மாற்றுக் கையுறையும் எடுத்துக்கொண்டு ஓடி வருபவர். யாருக்காவது அடிபட்டால் அவருக்குப் பதிலாக ஃபீல்டிங் நிற்பார். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன் அதன் ஃபுட்பால் அணிக்காகப் பாதி ஆட்டத்தில் சீருடை மாட்டிக்கொண்டு வந்து, கடைசிவரை ஓரத்திலேயே நின்று, ஒரு நொடிகூட ஆடாமல் திரும்பிப் போன ஒரு மாணவருக்கு அங்கே மைதானத்தின் வாசலில் சிலை வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் புள்ளி எடுத்தவர்களின் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. இவர் பெயர் முதல் வருட மாணவருக்கும் தெரியும். அந்த அணியின் வினோதமான பழக்கங்கள் பலவும் அவர் அப்படி நின்றதோடு ஏதோ ஒரு வகையில் சேர்ந்தவை.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் சொல்லும் கால்பந்தை அல்ல. பந்து இரண்டு முனையிலும் கூராக இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், தூரத்தில் இருப்பவருக்கு எறியலாம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச் டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. இதற்கு மேல் விதிகள் ஏராளம், ஆனால் இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தொழில்முறை ஃபுட்பால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சனிக்கிழமை கல்லூரிகளுக்கு உரியது. பெரிய நகரமே இல்லாத வட்டாரத்தில்கூட ஒரு கல்லூரி மைதானம் லட்சம் பேரை இழுக்கும். படித்து முடித்து நாற்பது வருடம் ஆனவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருவார்கள். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் வந்து சேர்வார்களே, அந்த மாதிரி.

ரயில் நின்ற இடத்தில் ஒரு கல்லூரி

ஹூஸ்டனுக்கு வடமேற்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர். பெயர் காலேஜ் ஸ்டேஷன். கல்லூரிக்காக ரயில் நின்ற நிறுத்தம்தான் பிறகு ஊரானது. 1876-ல் அங்கே தொடங்கிய கல்லூரிக்கு டெக்சாஸ் வேளாண்மை இயந்திரவியல் கல்லூரி என்று பெயர். ஏ என்பது வேளாண்மைக்கு, எம் என்பது இயந்திரவியலுக்கு. வேளாண்மைக்கான ஆங்கிலச் சொல்லைச் சுருக்கித்தான் அங்கே படிப்பவர்களை ‘ஆகீஸ்’ என்று அழைக்கிறார்கள். 1963-ல் பல்கலைக்கழகம் ஆனபோது பழைய பெயர் போய், அந்த இரண்டு எழுத்து மட்டும் அடையாளமாக மிஞ்சியது.

தொடங்கிய நாளிலிருந்து அது ராணுவப் பயிற்சிக் கல்லூரி. சீருடை, அணிவகுப்பு, காலையில் பியூகிள், எல்லாம் உண்டு. நம்மூர் என்.சி.சி.யைப் பல மடங்கு பெரிதாக்கி, விடுதி வாழ்க்கை முழுவதையும் அதற்குள் வைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அவர்களுடைய கேடட் படை. 1960-களின் நடுப்பகுதிவரை மாணவர்கள் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். முதல் எண்பத்தைந்து வருடங்களுக்கு மேல் அது வெள்ளை ஆண்களின் கல்லூரியாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் 1963-ல்தான் கதவு திறந்தது. அதற்கு வழிசெய்த தலைவர் ஜேம்ஸ் ஏர்ல் ரட்டர், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியின் பாறை முகட்டில் வீரர்களை ஏற்றிச் சென்ற படைத்தளபதி. அவர் எடுத்த முடிவு இல்லாவிட்டால் இந்த மரபுகள் ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே காய்ந்து போயிருக்கும் என்பது என் எண்ணம். இன்றைக்கு நாட்டிலேயே மிகப் பெரிய பல்கலைக்கழகங்களில் அது ஒன்று. கேடட்கள் மாணவர்களில் சிறு பங்குதான். ஆனால் ஃபுட்பால் நாளில் அந்த ராணுவக் கல்லூரி அப்படியே எழுந்து வந்துவிடும்.

1894-ல் அணி தொடங்கியது. அந்த வருடமே பக்கத்து ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் 38-0 என்று தோற்றார்கள். அப்போது தொடங்கிய பகை இன்றுவரை ஆறவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். மைதானம் கிடைத்த கதை அழகானது. தோட்டக்கலைப் பேராசிரியர் எட்வின் ஜாக்சன் கைல், தன் துறைக்கு ஒதுக்கியிருந்த நிலத்தில் ஒரு பகுதியை வேலி போட்டு விளையாட்டுக்குக் கொடுத்தார். பக்கத்து ஊர்ச் சந்தைத் திடலிலிருந்து மரத்தாலான பார்வையாளர் மேடையைச் சொந்தப் பணத்தில் வாங்கி வந்து நிறுத்தினார். செடி வளர்க்க வைத்திருந்த அந்த இடம்தான் இன்றைய கைல் ஃபீல்ட். 2015-ல் முடிந்த புதுப்பிப்புக்குப் பின் அதன் இருக்கைகள் 1,02,733.

1922 ஜனவரி 2

டேனா பைபிள் என்ற பயிற்சியாளரின் காலம் அது. அவர் பயிற்றுவித்த 1919-ஆம் ஆண்டு அணி பத்து ஆட்டத்தில் ஆடி 275 புள்ளி எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். ஆனாலும் தெற்குப் பகுதிக்கு வெளியே யாரும் இவர்களைப் பெரிதாக மதிக்கவில்லை.

1922 ஜனவரி 2 அன்று டல்லஸ் நகரில் ஒரு ஆட்டம். எதிரணி கென்டக்கி மாநிலத்தின் சென்டர் கல்லூரி. மிகச் சின்னக் கல்லூரி, ஆனால் சில வாரங்களுக்கு முன்புதான் ஹார்வர்டை 6-0 என்று வீழ்த்தி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. அப்படிப்பட்ட அணியோடு மோதப் போன ஏ அண்ட் எம் அணியில் ஆள் குறைவு. ஆட்டம் தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

மேலே செய்தியாளர் பகுதியில் ஈ. கிங் கில் என்ற இரண்டாம் ஆண்டு மாணவர் உட்கார்ந்திருந்தார். ஃபுட்பால் அணியில் இருந்தவர்தான். அந்தப் பருவத்தில் கூடைப்பந்துக்காக விலகியிருந்தார். அன்றைக்கு அவர் வேலை, தூரத்தில் ஓடுகிற ஆட்டக்காரர் யார் என்று ஒரு செய்தியாளருக்கு அடையாளம் சொல்வது. பைபிள் கீழேயிருந்து அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கில் இறங்கி வந்தார். பார்வையாளர் மேடைக்கு அடியில், ஹைனி வியர் என்ற காயம்பட்ட வீரரின் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டார். மைதானத்தின் ஓரத்துக்கு வந்து நின்றார்.

நின்றார், அவ்வளவுதான். ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. களத்தில் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பெரிய அதிர்ச்சியாக ஏ அண்ட் எம் 22-14 என்று வென்றது. கில்லைக் கடைசிவரை கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்தபோது மாற்று ஆளாக மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அவர் மருத்துவரானார். அந்த நாளைப் பற்றிக் கேட்டவர்களிடம், நான் ஓடிப் போய் வெற்றிப் புள்ளி எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அணிக்குத் தேவைப்படலாம் என்று நின்றேன், அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த நேர்மை. கட்டுக்கதை வளர்க்க எல்லா வசதியும் இருந்தும் அவர் வளர்க்கவில்லை, கல்லூரியும் வளர்க்கவில்லை. தமிழில் ‘துணைக்கு நிற்பது’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். இரவில் கிணற்றடிக்குப் போகும் அக்காவோடு தம்பி போய் நிற்பான். தண்ணீர் இறைப்பது அக்காதான். ஆனால் அவன் நின்றதால்தான் அவள் பயமில்லாமல் இறைத்தாள். கில் செய்தது அது.

‘பன்னிரண்டாவது ஆள்’ என்ற சொல்லை இந்தக் கல்லூரிதான் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1900-லேயே வேறொரு கல்லூரியின் ஏட்டில், கூட்டத்தின் ஆதரவைக் குறிக்க அந்தச் சொல் வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு முகமும் ஒரு சட்டையும் கொடுத்தவர்கள் இவர்கள். 1939-ல் கில்லின் கதை வானொலி நாடகமாக ஒலிபரப்பான பின் அது ஊர் ஊராகப் பரவியது.

லட்சம் பேர் உட்காராத மைதானம்

இன்றைக்குக் கைல் ஃபீல்டில் மாணவர் பகுதியைப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். யாரும் உட்காரமாட்டார்கள். ஆட்டம் தொடங்கி முடியும்வரை மூன்று, நான்கு மணி நேரம், டெக்சாஸ் வெயிலில், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். கில் நின்றார் அல்லவா, எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் இறங்கத் தயார் என்று பொருள்.

சரி, அது வெறும் சடங்குதானே என்று கேட்கலாம். 1983-ல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர் அதை நிஜமாக்கினார். ஆட்டத்தின் தொடக்கத்தில் பந்தை உதைத்து, எதிரணிக்காரர் அதைப் பிடித்து ஓடி வரும்போது எதிர்கொண்டு சாய்க்க ஒரு குழு வேண்டும். ஆபத்தான வேலை; முழு வேகத்தில் மோதிக்கொள்வார்கள். உதவித்தொகை வாங்கும் தேர்ந்த வீரர்களை விட்டுவிட்டு, சாதாரண மாணவர்களிலிருந்து தேர்வு நடத்தி அந்தக் குழுவை அமைத்தார் ஷெரில். காலையில் பொறியியல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன் சனிக்கிழமை லட்சக்கணக்கானவர்கள் டி.வி.யில் பார்க்க ஓடினான். நன்றாகவும் ஆடினார்கள். அடுத்து வந்த ஆர். சி. ஸ்லோக்கம் காலத்தில் அந்தக் குழு ஒருவராகச் சுருங்கியது. இன்றும் அப்படி ஒரு மாணவர் 12 என்ற எண் போட்ட சட்டையோடு இறங்குகிறார். அந்த எண்ணை அணிவது எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் கிடைக்காத மரியாதை.

அந்தச் சொல்லுக்காகக் கல்லூரி நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. ‘12த் மேன்’ என்பதை வணிக முத்திரையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியும் தன் ரசிகர்களை அப்படியே அழைத்துவந்தது. 2006-ல் கல்லூரி வழக்குப் போட, கட்டணம் கொடுத்துப் பயன்படுத்துவது என்று சமரசமானது. ஒரு சொல்லைப் பூட்டி வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் பற்று புரிகிறது.

நள்ளிரவுக் கூச்சல்

இந்தக் கல்லூரியில் சியர்லீடர்கள் கிடையாது. அவர்கள் இடத்தில் யெல் லீடர்கள், அதாவது கோஷம் எழுப்பும் தலைவர்கள். ஐந்து பேர்: கடைசி ஆண்டு மாணவர்கள் மூன்று, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு. மாணவர்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். வெள்ளை உடையில் மைதான ஓரத்தில் நின்று கையால் சைகை காட்டுவார்கள். அந்தச் சைகையை மாணவர்கள் பின்னால் பின்னால் கடத்திவிட, ஒரே நேரத்தில் முப்பதாயிரம் குரல் ஒரே சொல்லைச் சொல்லும். கோஷம் போடும்போது கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்துகொள்வார்கள். அடிவயிற்றிலிருந்து குரல் வர வேண்டும் என்பதற்காக.

இதற்கு ஒத்திகை வேண்டாமா? சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தால் முந்தைய நாள் நள்ளிரவு 12 மணிக்குக் கைல் ஃபீல்டில் கூடுவார்கள். இதற்கு மிட்நைட் யெல் என்று பெயர். 1930-களின் தொடக்கத்தில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் வரும் நேரத்தில், சில கேடட்கள் ராத்திரி கூடிக் கத்தலாமே என்று தொடங்கியது. இப்போது பத்தாயிரக்கணக்கில் வருகிறார்கள். கோஷங்கள், கதைகள், பாட்டு எல்லாம் முடிந்ததும் விளக்கை அணைப்பார்கள். ஜோடியோடு வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். தனியாக வந்தவர்கள் தீப்பெட்டியோ லைட்டரோ பொருத்தி உயர்த்திப் பிடிப்பார்கள், இங்கே ஒருவர் தனியாக நிற்கிறார் என்று காட்ட. இருட்டு மைதானத்தில் அங்கங்கே சின்னச் சுடர்கள் எரிவதைக் கற்பனை செய்து பாருங்கள். அடுத்த நாள் ஆட்டத்தில் அணி புள்ளி எடுக்கும்போதும் ஜோடிகள் முத்தமிடும் வழக்கம் உண்டு.

கட்டைவிரலை உயர்த்தி ‘கிக் எம்’ (Gig 'em) என்று சொல்வது அவர்கள் அடையாளம். 1930-ல், ‘கொம்புத் தவளை’ என்று அழைக்கப்படும் ஒரு பல்லியைச் சின்னமாகக் கொண்ட கல்லூரியோடு ஆட்டம். கோஷ ஒத்திகையில் பிங்கி டவுன்ஸ் என்ற பழைய மாணவர், தவளைகளை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டுவிட்டு, குத்துவோம் என்று தானே பதிலும் சொன்னார். தவளை குத்தும் ஈட்டிக்கு அங்கே ‘கிக்’ (gig) என்று பெயர். ஈட்டி போய்விட்டது, கட்டைவிரல் நின்றுவிட்டது.

தோற்றாலும் மாணவர்கள் எழுந்து போய்விடுவதில்லை. அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கு ஒரு சிறு ஒத்திகை நடத்திவிட்டுத்தான் கலைவார்கள். வென்றால் முதலாண்டுக் கேடட்கள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்து, கல்லூரிக்குள் இருக்கும் நீரூற்றுத் தொட்டியில் தூக்கிப் போடுவார்கள். 2014 அக்டோபரில் ஒரு ஆட்டத்துக்கு 1,10,633 பேர் வந்தார்கள். மைதானத்தின் ஃபுட்பால் வரலாற்றில் அதுதான் மிகப் பெரிய கூட்டம். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள்.

கூட்டம் தன்னிச்சையாக என்ன செய்ய முடியும் என்பதற்கு 2001 செப்டம்பர் 22 ஒரு சாட்சி. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. சில மாணவர்கள் சேர்ந்து, மேல் அடுக்கு சிவப்பு, நடு அடுக்கு வெள்ளை, கீழ் அடுக்கு நீலம் என்று சட்டை அணிந்து வரச் சொன்னார்கள். கல்லூரி நிர்வாகம் போட்ட திட்டம் இல்லை. ஒரு வாரத்துக்குள் 70,000 சட்டைகள் விற்றன. ஆட்டத்தன்று மைதானமே கொடியாக மாறியிருந்தது. மிஞ்சிய 1,80,000 டாலர் நியூயார்க்கின் காவலர், தீயணைப்பு வீரர் குடும்பங்களுக்குப் போனது.

ரெவலி

1931 ஜனவரியில் சில கேடட்கள் காரில் திரும்பி வரும்போது கறுப்பும் வெள்ளையுமான ஒரு தெருநாயை இடித்துவிட்டார்கள். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. விடுதியில் நாய் வளர்க்கக் கூடாது என்பது விதி, ஒளித்துக் கொண்டுபோனார்கள். விடியற்காலை பியூகிள் ஒலித்ததும் நாய் குரைத்து எல்லாரையும் எழுப்பிவிட்டது. துயிலெழுப்பும் அந்த பியூகிள் இசைக்குப் பெயர் ரெவலி. நாய்க்கும் அதையே வைத்தார்கள். அடுத்த ஃபுட்பால் பருவத்தில் இசைக்குழுவுக்கு முன்னால் அது மைதானத்துக்குள் நடந்தது. அன்றிலிருந்து அணியின் சின்னம் அதுதான்.

1966-க்குப் பின் வந்த ரெவலிகள் எல்லாம் கோலி என்ற நாயினம். 2021-ல் பத்தாவது ரெவலி பொறுப்பேற்றாள். பொறுப்பு என்ற சொல்லைத் தெரிந்தே சொல்கிறேன். கேடட் படையிலேயே உயர்ந்த பதவி அவளுக்கு. படைத்தலைவராக இருக்கும் மாணவருக்கு நான்கு வைரச் சின்னம், அவளுக்கு ஐந்து. முதலாண்டுக் கேடட்கள் அவளை ‘மிஸ் ரெவ், மேம்’ என்று அழைக்க வேண்டும். அவள் ஒரு கேடட்டின் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் அவர் தரையில் படுத்துக்கொள்வார். 2014-ல் ஒரு ஆட்டத்தில் எதிரணி வீரர் கோட்டைத் தாண்டி முழு வேகத்தில் அவளை நோக்கி வந்துவிட்டார். அவளைப் பார்த்துக்கொள்ளும் கேடட் குறுக்கே புகுந்து, தன் உடம்பால் அவரைத் தள்ளிவிட்டார். பன்னிரண்டாவது ஆள் என்பதை அன்றைக்கு நாடே படம் போட்டுப் பார்த்தது.

இறந்த ரெவலிகளை மைதானத்தின் வடக்கு வாசலில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள், புள்ளிப் பலகையைப் பார்த்தபடி. மைதானத்தைப் பெரிதாக்கியபோது கட்டடம் பலகையை மறைத்துவிட்டது. கல்லறைகளுக்கு எதிரே தனியாக ஒரு சிறு புள்ளிப் பலகை வைத்துக் கொடுத்தார்கள்.

வென்றதும் தோற்றதும்

ஆட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கோப்பைக் கணக்கில் இது நாட்டின் முதல் வரிசை அணி அல்ல. 1939-ல் ஹோமர் நார்ட்டன் பயிற்சியில் பதினொரு ஆட்டத்தையும் வென்று தேசியப் பட்டம். 1957-ல் ஜான் டேவிட் க்ரோ, 2012-ல் ஜானி மேன்ஸெல் இருவரும் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றார்கள். முதலாம் ஆண்டு ஆட்டக்காரர் ஒருவர் அந்த விருதை வாங்கியது மேன்ஸெல்தான் முதல் தடவை.

கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது ‘பேர்’ பிரயன்ட் (Bear Bryant) வந்துபோன காலத்தை. 1954-ல் பயிற்சியாளராக வந்தவர், வறட்சியில் கிடந்த ஜங்ஷன் என்ற ஊருக்கு மாணவர்களைப் பேருந்தில் கூட்டிப்போய், பத்து நாள் கொடும் வெயிலில் தண்ணீர்கூடச் சரியாகத் தராமல் வாட்டினார். போனவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் தாக்குப்பிடித்தது. இதை வீரக்கதையாகச் சொல்பவர்கள் அங்கே நிறைய. என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை; பையன்களின் உயிரோடு ஆடிய ஆட்டம் அது. அந்த வருடம் அணி ஒரே ஒரு ஆட்டம் வென்றது. 1956-ல் தோல்வியே இல்லாமல் முடித்தது என்பதும் உண்மை. பிரயன்ட் பிறகு அலபாமாவுக்குப் போய்விட்டார். ஜங்ஷனில் தாங்கிய ஜீன் ஸ்டாலிங்ஸ் ஏ அண்ட் எம் பயிற்சியாளராகி, 1968 தொடக்கத்தில் பிரயன்டின் அலபாமாவை 20-16 என்று தோற்கடித்தார். ஆட்டம் முடிந்ததும் பிரயன்ட் வந்து தன் பழைய மாணவரைத் தூக்கிக் கொண்டாடினார்.

எரிந்த மரமும் விழுந்த மரமும்

இனி அந்தப் பகை. ஆஸ்டினில் இருப்பது மாநிலத்தின் தலைநகர்ப் பல்கலைக்கழகம். இங்கே இருப்பது வேளாண்மைக் கல்லூரி. நகரத்துக்காரர், நாட்டுப்புறத்தார் என்ற பழைய உரசல் எல்லா ஊரிலும் உண்டு. ஆகீஸ் இன்றும் அவர்களை முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. இரண்டு சிற்றெழுத்தில் முடித்துக்கொள்வார்கள்.

வருடாவருடம் அந்த ஆட்டத்துக்கு முன்னால் மாணவர்கள் ஒரு பெரும் சொக்கப்பனை கொளுத்துவார்கள். பெயர் பான்ஃபயர். 1909 வாக்கில் குப்பை மரங்களைக் குவித்து எரிப்பதாகத் தொடங்கியது, பிறகு மாணவர்களே காட்டில் மரம் வெட்டி, இரவு பகலாக அடுக்கடுக்காக நிறுத்திக் கட்டும் கோபுரமானது. 1969-ல் அது 109 அடிக்கும் மேல் போனது. மாதக்கணக்கில் வேலை. விடுதிக்கு விடுதி ஒரு நிறத் தலைக்கவசம். வெட்டுவதும் தூக்குவதும் அடுக்குவதும் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுத்தருவது. 1963-ல் மட்டும் கட்டிய கோபுரத்தை எரிக்காமல் பிரித்தார்கள், கென்னடி சுடப்பட்டிருந்தார்.

1999 நவம்பர் 18, விடியற்காலை 2 மணி 42 நிமிடம். ஏறக்குறைய ஐயாயிரம் மரங்களோடு கோபுரம் சரிந்தது. அதன் மேல் அப்போது மாணவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயப்பட்டார்கள். கனரக இயந்திரம் வைத்தால் அடியில் உயிரோடு இருப்பவர்கள் மேல் மரம் உருளும் என்பதால் பல மரங்களைக் கையால் தூக்க வேண்டியிருந்தது. ஃபுட்பால் அணி பயிற்சியை விட்டுவிட்டு வந்து மரம் தூக்கியது. எப்போதும் கூட்டம் அணிக்காக நிற்கும். அன்றைக்கு அணி கூட்டத்துக்காக நின்றது.

எட்டு நாள் கழித்து அதே எதிரியோடு ஆட்டம். இடைவேளையில் டெக்சாஸ் பல்கலைக்கழக இசைக்குழு தொப்பியைக் கழற்றி இறந்தவர்களுக்காக அஞ்சலி இசைத்தது. ஆட்டத்தை ஏ அண்ட் எம் 20-16 என்று வென்றது. கடைசி நொடிகளில் எதிரணி தவறவிட்ட பந்தை எடுத்த ஆகீஸ் வீரர் மண்டியிட்டுக் கைகளை வானத்தை நோக்கி உயர்த்தினார்.

விசாரணைக் குழு அறிக்கை கோபுரத்தின் கட்டமைப்பையும், வருடக்கணக்காக யாரும் சரியாக மேற்பார்வை செய்யாததையும் காரணமாகச் சொன்னது. பிள்ளைகளின் ஆர்வத்தைப் பார்த்துப் பெரியவர்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெருமையில் முடிச்சைச் சோதிக்க மறந்தார்கள். 2024-ல் மீண்டும் தொடங்கலாமா என்று பேச்சு எழுந்தபோது கல்லூரித் தலைவர் வேண்டாம் என்று முடிவெடுத்தார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கோபுரம் விழுந்த இடத்தில் 2004-ல் நினைவிடம் திறந்தார்கள். வட்டமாகப் பன்னிரண்டு வாயில்கள். ஒவ்வொரு வாயிலும் இறந்த ஒரு மாணவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. வருபவர் அந்த வாயிலுக்குள் போய் நிற்க வேண்டும். அந்த மாணவர் விட்டுப்போன இடத்தைச் சற்று நேரம் நிரப்ப வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம்.

கல்லூரிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடுவது வழக்கம். 2012-ல் ஏ அண்ட் எம் வேறு கூட்டமைப்புக்கு மாற, 2011-க்குப் பின் இரு கல்லூரிகளின் ஆட்டம் நின்றுபோனது. கடைசி நொடி உதையில் டெக்சாஸ் 27-25 என்று வென்றதோடு பதின்மூன்று வருட மௌனம். டெக்சாஸும் அதே கூட்டமைப்புக்கு வந்த பிறகு, 2024 நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் மறுபடி மோதினார்கள். 17-7 என்று டெக்சாஸ் வென்றது.

பெயர் கூப்பிடும் நாள்

மைதானத்துக்கு வெளியே நடக்கும் ஒரு சடங்கைச் சொல்லாமல் இந்த அணியைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. மஸ்டர் என்று பெயர். பொதுப்பணித் துறை வேலையில் ‘மஸ்டர் ரோல்’ என்று வருகைப் பட்டியல் வைப்பார்களே, அதே சொல். டெக்சாஸ் விடுதலைப் போரில் முக்கிய வெற்றி கிடைத்த ஏப்ரல் 21 அன்று, உலகம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆகீஸ் கூடுகிறார்கள். 1942-ல் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதும், ஜெனரல் ஜார்ஜ் மூர் தலைமையில் அங்கிருந்த ஆகீஸ் அந்த நாளை நினைவுகூர்ந்தார்கள். சில நாட்களில் தீவு வீழ்ந்தது.

காலேஜ் ஸ்டேஷனில் அன்று மாலை பெரிய அரங்கம் நிறைந்துவிடும். விளக்கைக் குறைப்பார்கள். அந்த வருடம் இறந்த மாணவர்கள், பழைய மாணவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். வகுப்பில் வருகை எடுப்பது போலத்தான். பெயர் கூப்பிட்டதும் கூட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் மனைவியோ மகனோ நண்பரோ, இறந்தவருக்குப் பதிலாக ‘இங்கே’ என்று பதில் சொல்வார். பள்ளியில் நாம் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நின்று சொன்னோமே, அதே சொல். சொன்னதும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிறகு அடுத்த பெயர்.